கடவுள் மீது ஒரு பொய் வழக்கு

"டயர் வெடித்துக் கட்டுப்பாட்டை இழந்த கார், சாலை நடுவே இருந்த தடுப்பைத் தாண்டி எதிரே வந்த லாரி மீது மோதியது." இந்தச் செய்தியைப் புதிதாக எழுத வேண்டிய அவசியம் எந்த நிருபருக்கும் இல்லை. அச்சுக்குத் தயாராக எப்போதும் இருக்கிறது. ஊர்ப் பெயரையும் இறந்தவர்களின் எண்ணிக்கையையும் மாற்றினால் போதும். வெடித்தது டயர். கட்டுப்பாட்டை இழந்தது கார். தடுப்பைத் தாண்டியதும் கார்தான். இவ்வளவு பெரிய சம்பவத்தில் மனிதர் எவருக்கும் எந்த வேலையும் இல்லை, சாவதைத் தவிர.

டயரைக் கூண்டில் ஏற்றிச் சத்தியம் வாங்க முடியாது. ஆகவே இரண்டாவது குற்றவாளியாகக் கடவுளைச் சேர்த்துக்கொள்கிறோம். "நேரம் சரியில்லை", "விதி", "ஆண்டவன் போட்ட கணக்கு" என்றெல்லாம் துக்க வீட்டில் சொல்வது ஆறுதலுக்காக. அதைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் அதே வசனத்தை வண்டி முதலாளி சொல்கிறார், சரக்கு ஏற்றியவர் சொல்கிறார், தகுதிச் சான்றில் கையெழுத்துப் போட்டவர் சொல்கிறார். இவர்கள் வாயில் அது ஆறுதல் இல்லை, முன்ஜாமீன்.

ஒருமுறை இந்த வழக்கு நிஜமாகவே நீதிமன்றம் ஏறியது. 2010 அக்டோபரில் புணேயிலிருந்து மும்பைக்குப் போன ஒரு காரின் பின்டயர் வெடித்து, 38 வயதுக்காரர் ஒருவர் இறந்துபோனார். தீர்ப்பாயம் அவர் குடும்பத்துக்கு 1.25 கோடி ரூபாய் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. காப்பீட்டு நிறுவனத்துக்கு அப்போதுதான் பக்தி பெருக்கெடுத்தது. டயர் வெடித்தது கடவுளின் செயல், அதற்கு நாங்கள் எப்படிப் பணம் கட்டுவோம் என்று மும்பை உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்தது. பிரீமியம் வாங்கும்போது ஒருநாளும் கூட்டாளியாகச் சேர்க்காத கடவுளை, பணம் கொடுக்கும் நாளில் மட்டும் பங்குதாரர் ஆக்கியது. 2023-ல் உயர் நீதிமன்றம் அந்த முறையீட்டைத் தள்ளுபடி செய்தது. கடவுளின் செயல் என்றால் மனிதர் எவரும் எதிர்பார்க்கவோ தடுக்கவோ முடியாத இயற்கைச் சீற்றம். டயர் வெடிப்பது அதிவேகத்தாலும், காற்று குறைந்ததாலும் கூடியதாலும், பழைய டயரை மாட்டியதாலும். புறப்படும் முன் டயரைப் பார்க்க வேண்டியது ஓட்டுபவரின், உரிமையாளரின் கடமை என்றது. கடவுள் விடுதலை ஆனார். மும்பையில் மட்டும். தமிழ்நாட்டுத் தேசிய நெடுஞ்சாலைகளில் அவர் மீதான பழைய வழக்குகள் எல்லாம் அப்படியே நிலுவையில் இருக்கின்றன.

டயராவது பாவம், வெடித்தால்தான் மாட்டிக்கொள்கிறது என்று நினைத்தால் அதுவும் தப்பு. 2023 ஜூலை 1-ஆம் தேதி அதிகாலை, மகாராஷ்டிரத்தின் சம்ருத்தி விரைவுச் சாலையில் புல்டாணா அருகே ஒரு தனியார் பேருந்து கவிழ்ந்து தீப்பிடித்தது. இருபத்தைந்து பேர் வெந்து செத்தார்கள். டயர் வெடித்துவிட்டது என்றார் ஓட்டுநர். வட்டாரப் போக்குவரத்து அதிகாரிகள் சாலையில் ரப்பர் துணுக்கையும் தடத்தையும் தேடிப் பார்த்துவிட்டு, டயர் வெடித்ததற்கு அடையாளமே இல்லை என்று அறிக்கை கொடுத்தார்கள். செய்யாத குற்றத்தையும் டயர் தலையில் கட்டலாம் என்று அன்று தெரிந்தது. வாய் இல்லாத சாட்சி வசதியான குற்றவாளி.

உண்மையில் டயருக்கு வாய் உண்டு. தன்னால் எவ்வளவு முடியும் என்பதை எழுத்தில் எழுதி, உடம்பிலேயே பொறித்துக்கொண்டு ஊர் சுற்றும் ஒரே குடிமகன் இந்த நாட்டில் டயர்தான். வேட்பாளர்கள் தாக்கல் செய்யும் பிரமாணப் பத்திரத்தைவிட அது நம்பகமானது. ஒரு காரின் டயர் ஓரத்தைக் குனிந்து பாருங்கள்: 185/65 ஆர்15 88 எச் என்று இருக்கும். அந்த 88 அது தாங்கும் எடையின் குறியீடு. உரிய காற்று இருந்தால் ஒரு டயருக்கு 560 கிலோ. எச் என்பது மணிக்கு 210 கி.மீ. வரை என்ற வேக வரம்பு. பக்கத்தில் நாலு இலக்க எண் 2319 என்று இருந்தால், 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் அது பிறந்தது. தரையில் படும் ரப்பர் பட்டன்களுக்கு நடுவே ஓடும் பள்ளத்தில் குட்டையாக ஒரு ரப்பர் மேடு தெரியும். பட்டன் தேய்ந்து அந்த மேட்டுக்குச் சமமாகிவிட்டால் 1.6 மில்லிமீட்டர்தான் மிச்சம். மத்திய மோட்டார் வாகன விதிகளில் 94-ஆவது விதி காருக்கும் லாரிக்கும் வகுத்திருக்கும் கடைசி எல்லை அது. இரண்டு சக்கர, மூன்று சக்கர வண்டிகளுக்கு 0.8. அதற்குக் கீழே போனால் சாலையில் தேங்கிய மழைநீரைப் பிளந்து வெளியே தள்ள டயருக்குப் பள்ளமில்லை. வண்டி தண்ணீரின் மேல் மிதந்து போகும், ஸ்டீயரிங் ஓட்டுநரின் ஆறுதலுக்காகச் சுற்றும்.

இவ்வளவையும் வாங்கும் நாளிலேயே எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். படிப்பவர் யார்? காரின் கலரைப் பற்றி நாலு மாதம் குடும்பத்தில் விவாதம் நடக்கிறது. கார் வந்ததும் நேரே பிள்ளையார் கோயிலுக்குப் போய், நாலு டயருக்கும் அடியில் நாலு எலுமிச்சம்பழம் வைத்து நசுக்குகிறோம். ஆயுத பூஜை அன்று டயருக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்து, முன்னால் வாழைக்கன்று கட்டி, கற்பூரம் காட்டுகிறோம். சந்தனம் வைக்கும் விரலுக்கு இரண்டு அங்குலம் தள்ளித்தான் நாலு இலக்கத் தேதி இருக்கிறது. ஐந்து ஆண்டு தாண்டிய டயரை ஆண்டுக்கு ஒருமுறையாவது தெரிந்தவரிடம் காட்டு, பத்து ஆண்டு ஆனால் பட்டன் எவ்வளவு இருந்தாலும் கழற்று என்பது டயர் செய்பவர்களே சொல்லும் அறிவுரை. கற்பூரப் புகையில் அது கண்ணுக்குத் தெரிவதில்லை. டயரைக் கும்பிடத் தெரிந்த சமூகத்துக்கு அதில் காற்று இருக்கிறதா என்று பார்க்க மட்டும் நேரமில்லை.

காற்று விஷயத்தில் நம்மிடம் ஒரு முழுச் சாஸ்திரமே உண்டு. அதன் முதல் சூத்திரம்: "வெயில் காலம் சார், காத்தைக் கம்மியா வச்சுக்கங்க, இல்லைன்னா வெடிச்சிடும்." பெட்ரோல் பங்க்கில் தொடங்கிப் பொறியியல் பட்டதாரி மாப்பிள்ளை வரை எல்லாரும் இதை ஒப்பிப்பார்கள். நடப்பது நேர் எதிர். காற்று குறைந்த டயர், எடை அழுத்த அழுத்த ஒவ்வொரு சுற்றிலும் பக்கவாட்டில் பிதுங்கி மடங்கி நிமிர்கிறது. கம்பியை முன்னும் பின்னும் வளைத்தால் வளையும் இடம் சுடுமே, அதே கதைதான், நூறு கி.மீ. வேகத்தில் நிமிடத்துக்கு எண்ணூறு முறைக்கும் மேல். ரப்பருக்கும் உள்ளே இருக்கும் நூலுக்கும் கம்பிக்கும் இடையிலான பிடிப்பு அந்தச் சூட்டில் விட்டுப்போகிறது. ஏப்ரல் மாத மத்தியானம், சிமெண்ட் சாலை, ஐந்து பேர், டிக்கி நிறையச் சாமான், அதற்குமேல் சாஸ்திரப்படி குறைத்து வைத்த காற்று. வெடிக்காமலிருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதுதான் கடவுளுக்குச் செய்யும் அநியாயம்.

எவ்வளவு காற்று வேண்டும் என்பதைச் சாஸ்திரி சொல்ல வேண்டியதில்லை. ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் ஒரு சீட்டு ஒட்டியிருக்கும். இரண்டு பேர் போனால் இவ்வளவு, முழுச் சுமையோடு போனால் பின்டயருக்கு இவ்வளவு என்று தனித்தனியாகப் போட்டிருக்கும். அந்தக் கணக்கு டயர் குளிர்ந்திருக்கும்போது பார்ப்பதற்கானது. ஓடிச் சூடான டயரில் அழுத்தம் ஏறித்தான் இருக்கும். அதைப் பார்த்துப் பயந்து காற்றை இறக்கிவிட்டால், ஆறியதும் டயர் பட்டினி. எண்பது ரூபாய் கொடுத்தாவது நைட்ரஜன் அடித்துக்கொள்ள நாம் தயார். சுற்றியிருக்கும் காற்றில் நூற்றுக்கு 78 பங்கு நைட்ரஜன்தான் என்பது எட்டாம் வகுப்புப் பாடம். மாதம் ஒருமுறை அழுத்தமானியை வைத்துப் பார்ப்பதுதான் கஷ்டம். அதற்குக் குனிய வேண்டும்.

இனி குடும்பச் சுமைக்கு வருவோம். பொங்கல் முடிந்து ஊரிலிருந்து சென்னை திரும்பும் ஒரு சின்ன காரைப் பாருங்கள். அதன் பதிவுச் சான்றில் வண்டியின் வெற்று எடையும் சுமையோடு அனுமதித்த மொத்த எடையும் போட்டிருக்கும். இரண்டுக்கும் நடுவே பெரும்பாலும் நானூறு, நானூற்றைம்பது கிலோதான் வித்தியாசம். நன்றாக விருந்து சாப்பிட்ட ஐந்து பெரியவர்களே முந்நூற்றைம்பது கிலோ. மிச்சமிருக்கும் நூறு கிலோவுக்குள் இரண்டு மூட்டை பொன்னி அரிசி, நாற்பது தேங்காய், ஒரு தார் வாழைப்பழம், ஊறுகாய் ஜாடி, நாலு சூட்கேஸ், அத்தை கொடுத்தனுப்பிய ஆட்டுக்கல், அப்புறம் அத்தை. "வண்டி தாங்கும் மாப்ளே" என்று மாமனார் டிக்கியைத் தட்டுகிறார். மாப்பிள்ளையும் மறுத்துப் பேசுவதில்லை; மரியாதை. அழுந்திப்போன பின்பக்கமும் வானத்தைப் பார்க்கும் முகப்பு விளக்குமாக வண்டி விழுப்புரம் பைபாஸில் நூற்றுப்பத்தில் போகிறது.

இடம் போதாவிட்டால் கூரை இருக்கிறது. சிறிய கார்களின் கூரை எத்தனை கிலோ தாங்கும் என்பது வண்டியோடு வந்த கையேட்டில் இருக்கும். பல கார்களுக்கு அது ஒரு மூட்டை சிமெண்ட் எடைதான். கையேடு இன்னும் பிளாஸ்டிக் உறையோடு கிளவ் பாக்ஸில் தூங்குகிறது. கூரையில் ஏற்றிய ஒவ்வொரு கிலோவும் வண்டியின் எடைமையத்தை மேலே தூக்குகிறது. வளைவில் நேற்றுவரை திரும்பிய வேகத்தில் இன்று திரும்பினால் சாயும். கனமான சாமான் கீழே, நடுவில், பின்சீட்டை ஒட்டி, கட்டி வைக்கப்பட வேண்டும். காரணம் எளியது. கார் ஐம்பது கி.மீ. வேகத்தில் எதிலாவது மோதி நின்றால், பின்னால் கட்டாமல் வைத்த ஆட்டுக்கல் நிற்காது. அது அதே ஐம்பது கி.மீ. வேகத்தில் முன்சீட்டை நோக்கி வரும். அத்தையின் பாசம் முதுகுத்தண்டில் வந்து சேரும்.

நடுத்தர வர்க்கத்தைத் திட்டுவது சுலபம். அவன் செய்வது அறியாமை. கெட்டால் பெரும்பாலும் அவன் குடும்பத்தோடு போகும். இதையே தொழிலாகச் செய்பவர்களைப் பார்த்தால் சிரிப்பு நின்றுவிடும்.

வீடு கட்டும் எவரும் எம்-சாண்டையும் ஜல்லியையும் டன் கணக்கில் கேட்பதில்லை. யூனிட் கணக்கில் கேட்கிறோம். ஒரு யூனிட் என்றால் நூறு கன அடி. எடை ஏறக்குறைய நாலரை டன், ஈரமாக இருந்தால் இன்னும் மேலே. ஆக, பேரம் முழுக்கக் கொள்ளளவில் நடக்கிறது, சட்டம் மட்டும் எடையில் இருக்கிறது. "ரெண்டு நடையா வேண்டாம்ணே, ஒரே நடையில அடிச்சு விடுங்க, வாடகையைக் குறைச்சுப் போடுங்க" என்று கேட்பது யார்? நாம். அந்த ஒரே நடைக்காகப் பக்கவாட்டில் பலகை வைத்து உயர்த்திய டிப்பர், கல்குவாரியிலிருந்து விடியற்காலை மூன்று மணிக்குக் கிளம்புகிறது. வழியில் எடை மேடை உண்டு. எடை மேடையில் வண்டி ஏறுகிறதோ இல்லையோ, வேறு ஒன்று இறங்கிவிடுகிறது. சட்டத்துக்கு உட்பட்டு ஏற்றும் லாரிக்காரர் டன்னுக்கு ஒரு வாடகை சொல்கிறார். ஒன்றரை மடங்கு ஏற்றுபவர் அதைவிடக் குறைத்துச் சொல்கிறார். சரக்கு யாருக்குப் போகும் என்று சொல்ல வேண்டியதில்லை. இந்தத் தொழிலில் யோக்கியனாக இருப்பதற்கான அபராதத்தை மாதா மாதம் தவணைக்காரனிடம் கட்ட வேண்டும்.

எஃப்.சி. எனப்படும் தகுதிச் சான்றுக்கு வண்டியைக் காட்டும் நாள் இன்னொரு திருவிழா. மொட்டை டயரோடு வருஷம் முழுக்க ஓடிய வண்டி, அன்று ஒருநாள் மட்டும் பட்டன் மின்னும் டயரில் வந்து நிற்கும். டயர் வாடகைக்குக் கிடைக்கும் என்பது தொழிலில் இருப்பவர்கள் எல்லாருக்கும் தெரிந்த ரகசியம். காலையில் மாட்டி, மத்தியானம் சான்று வாங்கி, சாயங்காலம் கழற்றித் திருப்பிக் கொடுத்துவிடலாம். பிறகு அடுத்த வண்டிக்கு அதே டயர். ஒரே ஜோடி டயர் ஒரு மாவட்டத்துக்கே தகுதி வாங்கித் தந்துவிடும். பரீட்சைக்கு ஆள் மாற்றி அனுப்பினால் சிறை. டயர் மாற்றி அனுப்பினால் சான்றிதழ்.

இத்தனைக்கும் டயருக்குப் பஞ்சமான மாநிலமா இது? 1946-ல் திருவொற்றியூரில் ஒரு கொட்டகையில் பொம்மை பலூன் செய்யத் தொடங்கிய எம்.ஆர்.எஃப். இன்று உலகம் அறிந்த டயர் நிறுவனம். ஒரகடத்தில் அப்போலோ, தேர்வாய்க் கண்டிகையில் மிஷலின், ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் ஜே.கே.யும் சியட்டும், மதுரையில் டி.வி.எஸ். ஸ்ரீசக்ரா. உலகச் சாலைகளுக்கு டயர் ஏற்றுமதி செய்யும் மண்ணில், ஆலை வாசலிலேயே நூல் தெரியும் டயரோடு ஷேர் ஆட்டோ நிற்கும். அதில் ஆலைத் தொழிலாளியே ஏறி வேலைக்குப் போவார்.

அரசு சும்மா இருந்தது என்று யாரும் சொல்லிவிட முடியாது. அரசு யோசித்தது. ஒரு காலத்தில் சில மாநிலங்கள் கோல்டு கார்டு என்று ஒன்றை விற்றன. முன்கூட்டியே பணம் கட்டி அட்டை வாங்கிவிட்டால், கூடுதல் சுமையோடு கௌரவமாகப் போகலாம். வழியில் யாரும் கை நீட்ட மாட்டார்கள், அரசே நீட்டி முடித்துவிட்டது. 2005 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தலையிட்டு, அபராதம் கட்டிவிட்டால் கூடுதல் சுமையோடு தொடர்ந்து போகலாம் என்று அர்த்தம் இல்லை, சுமையை இறக்கித்தான் ஆக வேண்டும் என்று சொல்ல வேண்டியிருந்தது. சுமையை இறக்காமல் அபராதம் மட்டும் வாங்குவதற்குப் பெயர் தண்டனை இல்லை, டிக்கெட் என்பதை ஒரு நாட்டின் உச்ச நீதிமன்றம் போய் விளக்க வேண்டியிருக்கிறது.

பிறகு 2018 ஜூலையில் மத்திய அரசுக்கு ஞானம் பிறந்தது. சட்டத்துக்கு மேல் ஏற்றுகிறார்களா? சட்டத்தை உயர்த்திவிடுவோம். நாலு டயர் கொண்ட ஓர் அச்சுக்கு 10.2 டன்னாக இருந்த வரம்பு 11.5 டன் ஆனது. வண்டிகளின் தொழில்நுட்பம் முன்னேறிவிட்டது, சரக்குச் செலவு குறையும் என்பது காரணம். வண்டி முன்னேறியிருக்கலாம், கீழே இருக்கும் சாலை? அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் 1958 முதல் 1960 வரை லாரிகளை இடைவிடாமல் ஓட்டிச் செய்த பெரிய சோதனையிலிருந்து பொறியாளர்கள் எடுத்துக்கொண்ட தோராயக் கணக்கு ஒன்று உண்டு: அச்சின் எடை கூடும்போது சாலைக்கு ஏற்படும் சேதம் அதன் நான்காம் அடுக்காகக் கூடும். எடை இருமடங்கானால் சேதம் பதினாறு மடங்கு. அந்தக் கணக்குப்படி 10.2 டன்னை 11.5 ஆக்கியதும், ஒவ்வொரு முறை அந்த அச்சு உருளும்போதும் சாலைக்குச் சேதம் சுமார் 60 சதவீதம் கூடுகிறது. இது அனுமதித்த எடைக்கு. அனுமதிக்காத எடைக்கு நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். சாலையில் பள்ளம் விழுந்தால் ஒப்பந்தக்காரரைத் திட்டுகிறோம். அவருக்கும் பங்கு உண்டு. பள்ளத்தில் இறங்கி டயர் வெடித்துச் செத்தவருக்குத்தான் எதிலும் பங்கு இல்லை.

எடை கூடிய லாரி நேரான சாலையில் ஒரு மாதிரி ஓடிவிடும். இறக்கத்தில் அதன் சுயரூபம் தெரியும். தருமபுரியிலிருந்து சேலம் வரும் வழியில் தொப்பூர் கணவாய் இருக்கிறது. டீசல் மிச்சம் பிடிக்க கியரை நியூட்ரலில் தள்ளிவிட்டு இறங்குவது, பிரேக்கை மட்டும் நம்புவது, பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போவது என்று அங்கே நடப்பது எல்லாருக்கும் மனப்பாடம். 2024 ஜனவரி 24-ல் அங்கே லாரிகளும் கார்களும் ஒன்றோடொன்று மோதி நாலு பேர் செத்தார்கள். அதற்கு முன்பும் செத்தார்கள், பின்பும் செத்தார்கள். இறக்கத்தைக் கடக்க உயர்மட்டச் சாலை போடலாம். இறக்கம் தொடங்கும் முன் ஒரு எடை மேடையில் நிறுத்தி, கூடுதல் சுமையை இறக்கிவிட்டு அனுப்புவதற்கு மட்டும் நம்மிடம் பொறியியல் இல்லை. தெலங்கானாவில் செவெல்லா அருகே 2025 நவம்பர் 3-ஆம் தேதி காலையில் ஜல்லி ஏற்றிய டிப்பர் ஓர் அரசுப் பேருந்து மீது மோதியபோது, ஜல்லி முழுக்கப் பேருந்துக்குள் சரிந்தது. மோதலில் தப்பியவர்களில் பலர் ஜல்லிக்கு அடியில் மூச்சு முட்டிச் செத்தார்கள். மொத்தம் பத்தொன்பது உயிர். வீடு கட்ட வேண்டிய ஜல்லி அவர்களுக்குச் சமாதி கட்டியது.

சரக்குக்கே இந்தக் கதி என்றால், சரக்காக ஏறும் மனிதர்களின் கதை இன்னும் கேவலம். 2005-ல் சந்தைக்கு வந்த டாடா ஏஸ், முக்கால் டன் ஏற்றச் செய்த வண்டி. நம் ஜனங்கள் அதற்குக் குட்டி யானை என்று பெயர் வைத்தார்கள். பெயர் வைத்ததோடு நிற்காமல் யானை மாதிரியே நடத்தினார்கள். நாற்று நடப் போகும் பெண்கள், காதுகுத்துக்குப் போகும் சொந்தபந்தம், கட்சி மாநாட்டுக்குப் போகும் தொண்டர்கள், ஆடி மாதம் குலசாமி கோயிலுக்குப் போகும் ஊர். நின்றபடி முப்பது பேர். பிடித்துக்கொள்ள ஒருவர் தோளை ஒருவர். நின்றுகொண்டு வரும் கூட்டம் வளைவில் ஒரே பக்கம் சாயும். மூட்டைகூட அப்படிச் சாயாது.

வண்டி கவிழ்ந்த பிறகுதான் சட்டம் வருகிறது. சரக்கு வண்டியில் சும்மா ஏறி வந்த பயணிகளுக்குக் காப்பீட்டு நிறுவனம் பொறுப்பல்ல என்று 2002 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சரக்கின் உரிமையாளரோ அவருடைய ஆளோ கூட வந்தால் உண்டு, மற்றவருக்கு இல்லை. சட்டத்தை அப்படி எழுதி வைத்தால் நீதிபதி வேறு என்ன செய்வார்? அதாவது, நாற்று நடப் போன அந்தப் பெண், மடியில் ஒரு மூட்டை நெல்லோடு ஏறியிருந்தால் மனுஷியாகக் கணக்கில் வந்திருப்பாள். நெல்லுக்குத் துணையாக. வெறுங்கையோடு ஏறியதால் அவள் உயிர் கணக்கில் வராத சரக்கு. அவளை ஏற்றி அனுப்பிய மேஸ்திரிக்கும், பேருந்து விடாத போக்குவரத்துக் கழகத்துக்கும், மாநாட்டுக்கு ஆள் சேர்த்த வட்டச் செயலாளருக்கும் சட்டத்தில் இடமே இல்லை. மாநாட்டு மேடையில் இருந்தவருக்கு ஒரு இரங்கல் அறிக்கை எழுதும் சிரமம் மட்டும்.

வண்டி சரியாக இருந்தால்கூட, டயர் பஞ்சரான ஐந்து நிமிஷத்தில் செத்துப்போக இந்த நாட்டில் வழி இருக்கிறது. 2023 செப்டம்பர் 11-ஆம் தேதி அதிகாலை, திருப்பத்தூர் மாவட்டம் நாட்றம்பள்ளி அருகே சுற்றுலா முடிந்து ஊர் திரும்பிக்கொண்டிருந்த ஒரு வேன் பஞ்சராகி நின்றது. பயணிகள் இறங்கி வேனுக்கு முன்னால் சாலையோரம் உட்கார்ந்தார்கள். பின்னால் வந்த லாரி வேன் மீது மோத, வேன் அவர்கள் மீது ஏறியது. ஏழு பெண்கள் அங்கேயே இறந்தார்கள். நின்ற வண்டிக்குப் பின்னால் தூரத்தில் ஒளிரும் முக்கோணம் வைக்க வேண்டும், நாலு விளக்கையும் சிமிட்ட விட வேண்டும், ஆட்களைச் சாலையைவிட்டுக் கீழே, வண்டியிலிருந்து தள்ளி நிறுத்த வேண்டும். இதை ஓட்டுநர் உரிமம் கொடுக்கும்போது யார் கற்றுக்கொடுக்கிறார்கள்? எட்டுப் போடக் கற்றுக்கொடுக்கிறார்கள். எட்டுப் போட்டவர் உரிமம் வாங்கிவிட்டார், ஏழு பேர் செத்துவிட்டார்கள்.

மத்திய அரசின் கணக்குப்படி 2022-ல் தமிழ்நாட்டுச் சாலைகளில் 64,105 விபத்துகள், நாட்டிலேயே முதலிடம். இறந்தவர்கள் 17,884 பேர், இரண்டாமிடம். நாளொன்றுக்கு 49 பேர். பள்ளிக்கூடத் தேர்ச்சி விகிதத்தில் இப்படி இடம் பிடித்தால் சுவரொட்டி ஒட்டுகிறோம்.

தண்டனை இல்லாமல் இல்லை. 2019 செப்டம்பர் 1 முதல் கூடுதல் சுமைக்கு அபராதம் இருபதாயிரம் ரூபாய். அதற்குமேல் கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் இரண்டாயிரம். சுமையை இறக்காமல் வண்டி நகரக் கூடாது. எடை போட நிறுத்த மறுத்தால் நாற்பதாயிரம், அதை ஓட்டுநர் கட்ட வேண்டும். பயணி வண்டியில் கூடுதலாக ஏற்றிய ஆளுக்கு இருநூறு. காகிதத்தில் கச்சிதம். நடைமுறையில் யார் மாட்டுகிறார்? ஸ்டீயரிங் பிடித்தவர். இரண்டு நாள் தூங்காமல் நடைக்கு இவ்வளவு என்று கூலி வாங்கும் ஓட்டுநர், "இவ்வளவு ஏத்தினா வண்டி தாங்காது முதலாளி" என்று சொன்னால் சாவியைப் பிடுங்கி அடுத்தவரிடம் கொடுத்துவிடுவார்கள் என்று தெரிந்தவர். பிழைத்தால் கைது, பிழைக்காவிட்டால் "ஓட்டுநர் தூங்கிவிட்டார்" என்று பிணத்தின் மேல் வழக்கு.

அப்படியானால் சட்டம் ஏழைமீது மட்டும் பாய எழுதப்பட்டதா? அதுதான் இல்லை. அதனால்தான் கோபம் வருகிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 194-ஆவது பிரிவு ஓட்டியவரை மட்டும் குறிக்கவில்லை. ஓட்ட வைத்தவரையும் ஓட்ட விட்டவரையும் ஒரே வாக்கியத்தில் சேர்த்துச் சொல்கிறது. 113-ஆவது பிரிவு இன்னும் ஒரு படி மேலே போகிறது: வண்டியை ஓட்டியவர் உரிமையாளர் இல்லை என்றால், கூடுதல் சுமை உரிமையாளருக்குத் தெரிந்தே, அல்லது அவர் சொல்லியே ஏற்றப்பட்டது என்று நீதிமன்றம் அனுமானித்துக்கொள்ளலாம். "எனக்குத் தெரியாதுங்க, டிரைவர் பண்ணிட்டான்" என்ற வசனத்துக்கு 1988-லேயே பதில் எழுதி வைத்துவிட்டார்கள். முப்பது ஆண்டுக்கும் மேலாக அந்தப் பக்கத்தை மட்டும் யாரும் திருப்புவதில்லை. திருப்பினால் குவாரி முதலாளி வருவார். குவாரி முதலாளி வந்தால் அவருடைய மச்சான் வருவார். மச்சான் எந்தக் கட்சி என்பதை ஆட்சி மாறும்போதெல்லாம் மாற்றிக்கொள்ளும் வசதி அவருக்கு உண்டு.

புதிய சட்டம் எதுவும் வேண்டாம், புதிய ஆணையம் வேண்டாம், விழிப்புணர்வு வாரத்தில் பள்ளிக் குழந்தைகளை வெயிலில் பதாகையோடு நிறுத்தவும் வேண்டாம். ஒவ்வொரு முதல் தகவல் அறிக்கையிலும் கூடுதலாக ஐந்து வரி எழுதுங்கள். சரக்கு எங்கே ஏற்றப்பட்டது, ரசீது யார் பெயரில். கடைசியாக எந்த எடை மேடையைக் கடந்தது, அங்கே அப்போது பணியில் யார். டயர் எந்த ஆண்டு எந்த வாரம் செய்தது, பட்டன் எத்தனை மில்லிமீட்டர். தகுதிச் சான்று கொடுத்த நாள், கையெழுத்து யாருடையது. வண்டியை அனுப்பியவர் யார், அவர் இன்றைக்கு எங்கே இருக்கிறார். டயரை யாரும் விசாரிக்க வேண்டியதில்லை. அதைப் படித்தால் போதும். சுமை தானாக ஏறிக்கொள்ளாது. ஒவ்வொரு டன்னுக்கும் ஒரு கை இருக்கிறது, ஒரு லாபக் கணக்கு இருக்கிறது, ஒரு கையெழுத்து இருக்கிறது.

ஓட்டுநரின் பெயரை நாளைக் காலைக்குள் கண்டுபிடித்துவிடுவீர்கள். தெரியும். மற்ற நாலு பேரின் பெயர் எங்கே?